ஸ்பேர் வயலின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கச்சேரிகளுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறவன். கச்சேரி இல்லாத மாலைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். "நல்ல வயலின் ஒன்று இருக்கும்போது எதற்கு சார் இன்னொன்று?" என்று பெற்றோர் கேட்பார்கள். ஒரு மழைக்காலம் போனதும் வாய் பிளந்த வயலினோடு அவர்களே வந்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்பேர் வயலின் என்று எதைச் சொல்கிறீர்கள்?

போனால் போகட்டும் என்று மனதாரச் சொல்ல முடிகிற வயலின். அதற்காக வாசிக்க லாயக்கில்லாததாக இருக்கக் கூடாது. கச்சேரி நடுவே நல்ல வயலினில் தந்தி அறுந்தால், இதை எடுத்து அதே சுருதியில் அடுத்த சங்கதியை வாசிக்க முடிய வேண்டும். பரணில் தூசி படிந்து கிடக்கும் பழைய முக்கால் சைஸ் வயலின் ஸ்பேர் ஆகாது. அது வெறும் பழைய சாமான்.

எந்தெந்த இடத்துக்கு நல்ல வயலினை எடுத்துப்போகக் கூடாது?

நான் நாலு விஷயம் பார்ப்பேன். மேலே கூரை இருக்கிறதா? கீழே தரை காய்ந்திருக்கிறதா? வாசிக்காத நேரத்தில் பெட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்? சுற்றி எத்தனை பேர் நடமாடுவார்கள்? இவற்றில் இரண்டுக்குத் திருப்தியான பதில் இல்லை என்றால் ஸ்பேர்தான்.

கோயில் திருவிழாப் பந்தல், கடற்கரை நிகழ்ச்சி, கல்லூரி விழா மேடை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது எல்லாம் இதில் சேரும். கல்யாணக் கச்சேரியையும் இதில்தான் சேர்க்கிறேன். வீடியோக்காரரின் விளக்குக் கம்பம் ஒரு பக்கம், ஓடுகிற குழந்தைகள் ஒரு பக்கம், மேடையில் ஏறி வந்து பாட்டு கேட்கிற மாமா ஒரு பக்கம்.

திருவையாற்றையும் சொல்லியாக வேண்டும். தை மாதம் பகுள பஞ்சமியன்று தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளுக்கு உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காவிரிக் கரைப் பந்தலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தரையில் நூற்றுக்கணக்கானவர்கள். வில்லை முழுசாக இழுத்தால் பக்கத்தில் இருப்பவரின் மூக்குக்கண்ணாடி போய்விடும். அங்கே நம் வயலின் தனியாகக் கேட்கப் போவதுமில்லை. நல்ல வாத்தியத்தோடு தியாகராஜருக்கு அஞ்சலி செலுத்த வேண்டும் என்று நினைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

வெயிலும் மழையும் அப்படி என்ன செய்துவிடும்? மரம்தானே?

மரம்தான். ஆனால் அதைச் சேர்த்து வைத்திருப்பது பசை. நல்ல வயலின்களை வச்சிரத்தால் ஒட்டுவார்கள், அதாவது மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். ரிப்பேர் செய்யும்போது மரத்துக்குச் சேதமில்லாமல் மேல்பலகையைப் பிரித்தெடுக்க வேண்டுமே, அதற்காகவே இளகுகிற பசையை வைத்திருக்கிறார்கள். அந்தக் குணம் பட்டறையில் வசதி, பயணத்தில் ஆபத்து. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சாப்பிட்டு வருவதற்குள் கழுத்து லேசாக முன்னால் சாய்ந்து, தந்தி விரல்பலகையைவிட்டு எழும்பி நிற்கும்.

ஈரத்தில் மரம் ஊதும், பிரடை, அதாவது தந்தியை முறுக்கும் மரத்திருகு, இறுகித் திரும்பாது. வறட்சியில் மரம் சுருங்கும், பிரடை நழுவும், பலகை வெடிக்கும். நம் கடற்கரை ஊர்களில் பழகிய வயலினைக் குளிர்காலத்தில் அமெரிக்காவுக்கு எடுத்துப்போய், ஹீட்டர் ஓடும் வீட்டில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பங்குனி உத்திரத்துக்கு ஒரு கிராமத்தில் கச்சேரி. கோடை மழை சொல்லாமல் வந்தது. பந்தல் ஒழுக ஆரம்பித்ததும் தம்புரா பெட்டியையும் மைக்கையும் காப்பாற்ற எல்லோரும் ஓடினார்கள். நான் மேல்துண்டால் வயலினை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கீழ்ப்பக்க விளிம்பில் ஒரு விரல் நீளத்துக்குப் பலகை வாய் திறந்திருக்கிறது. சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் இருந்த கச்சேரிகளுக்கு இரவல் வயலின். அந்த மாசமே ஸ்பேர் வாங்கிவிட்டேன்.

எவ்வளவு செலவாகும்?

நான் வாங்கியது 9,000 ரூபாய், பெட்டியும் வில்லும் சேர்த்து. சீனத் தயாரிப்பு. அதை வாசிக்கும்படி ஆக்க இன்னும் 4,000 ஆனது. தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான பிரிட்ஜைச் செதுக்கி உயரம் குறைத்தது, உள்ளே இரண்டு பலகைக்கும் நடுவே நிற்கும் மரக்குச்சியான சவுண்ட் போஸ்ட்டை நகர்த்தி நிறுத்தியது, பிரடைகளை ராவிப் பொருத்தியது, கூடவே நல்ல தந்தி ஒரு செட். இந்த இரண்டாவது செலவுக்குப் பலர் மனசு வராமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் "சீப் வயலின் சார், சத்தமே வரல" என்கிறார்கள். மலிவு வயலினில் கெட்டது பெரும்பாலும் மரம் அல்ல, பொருத்தம். தொழிற்சாலையிலிருந்து வரும் பிரிட்ஜ் வீட்டு வாசற்படி மாதிரி தடியாக இருக்கும்.

என் கணக்கு இதுதான்: நல்ல வயலினின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஸ்பேருக்குப் போட வேண்டாம். போட்டால் அதையும் பொத்திப் பொத்தி வைக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் அளவு. கையோடு ஒரு ஸ்கேல் எடுத்துப்போங்கள். மேல்நட்டிலிருந்து (கழுத்தின் உச்சியில் தந்திகள் படிந்திருக்கும் சிறு மேடு) பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் முழு சைஸ் வயலினில் சுமார் 33 சென்டிமீட்டர். உங்கள் வயலினில் இருக்கும் அளவும் இதில் இருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் மாறினாலே காந்தார சுரத்தின் கமகம், அதாவது அசைவு, விரலுக்குப் பிடிபடாது. நாம் ஒரே தந்தியில் மேலும் கீழும் வழுக்கி வாசிக்கிறவர்கள் என்பதால் இந்த வித்தியாசம் உடனே உறுத்தும்.

அடுத்தது விரல்பலகை. கருங்காலியா, சாயம் பூசிய வேறு மரமா என்று கேளுங்கள். கடைக்காரர் கருங்காலி என்றுதான் சொல்வார். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டுப் பலகையில் தேய்த்துப் பாருங்கள். என் முதல் ஸ்பேரில் இதைச் செய்யாமல் விட்டேன். கச்சேரியின் முதல் உருப்படியான வர்ணத்தை வாசித்து முடிப்பதற்குள் நாலு விரலும் மை தொட்ட மாதிரி ஆகிவிட்டது. மேடையில் வேட்டி வேறு வெள்ளை.

கழுத்து நேராக இருக்கிறதா என்று பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று ஆட்டிக் கேளுங்கள், சவுண்ட் போஸ்ட் விழுந்திருந்தால் தெரியும். நாம் சுருளியை, அதாவது வயலினின் சுருண்ட தலையை, காலில் ஊன்றி உட்கார்ந்து வாசிக்கிறோம், அதனால் சுருளியின் செதுக்கலில் கூர்மை இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பளபளப்பு, கைப்பிடி அலங்காரம், பெட்டியின் வெல்வெட் நிறம் எதுவும் கணக்கில்லை.

தாத்தாவின் பழைய வயலின் வீட்டில் இருக்கிறது. உள்ளே ஸ்ட்ராடிவாரியஸ் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. அதை ஸ்பேராக வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது பேர்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்ததாக இருக்காது, அந்தக் கனவை முதலில் விட்டுவிடுங்கள். 1737-இல் இறந்துபோன அந்த மனிதரின் சீட்டை ஜெர்மன் பட்டறைகள் பின்னாளில் ஆயிரக்கணக்கான வயலின்களில் ஒட்டின. மோசடி என்றுகூடச் சொல்ல முடியாது, இன்னாருடைய மாதிரியில் செய்தது என்கிற அடையாளம்.

ஆனாலும் பழைய ஜெர்மன் வயலின் நன்றாகவே இருக்கலாம். பட்டறையில் காட்டிச் சரிசெய்தால் இப்போதைய உங்கள் வயலினைவிட நன்றாகப் பேசக்கூடும். அதைவிட முக்கியம், அது தாத்தாவுடையது. போனால் போகட்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. அதை வீட்டில் வைத்து வாசியுங்கள், வெளியே புதுசை எடுத்துப்போங்கள். விலை குறைந்தது எல்லாம் ஸ்பேர் ஆகிவிடாது. போனால் திரும்ப வாங்க முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டு வயலினையும் ஒரே சுருதியில் வைக்க வேண்டுமா?

வாசிக்கப்போகும் சுருதியில் வைக்க வேண்டும். மேற்கத்திய முறையில் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. நம் ஊரில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். பெண் பாடகருக்கு 5 கட்டை, அதாவது ஜி சுருதி, என்றால் நமக்கு ஜி, டி, ஜி, டி. மேல் தந்தி இரண்டும் ஒரு முழு சுரம் இறங்கும். ஆண் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை என்றால் எல்லாத் தந்தியும் இன்னும் தொய்ந்துவிடும். நேற்று 5 கட்டையில் இருந்த தந்தி இன்று ஒன்றரைக் கட்டைக்கு இறங்கினால் ஒரு நாள் முழுக்கச் சுருதி நிற்காமல் அலைக்கழிக்கும். அதனால் சாதாரண நாளில் நல்ல வயலின் ஒரு சுருதியிலும் ஸ்பேர் இன்னொரு சுருதியிலும் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன். ஸ்பேரால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் மழையிலிருந்து காப்பு அல்ல, இதுதான்.

ஸ்பேரை மட்டும் எடுத்துப்போகிற நாளுக்கு, இரண்டு நாள் முன்பே சுருதியை மாற்றிப் பழக்கிவிட வேண்டும்.

வில்லுக்கும் ஸ்பேர் வேண்டுமா?

வயலினுக்கு முன்னால் வில்லுக்குத்தான் வேண்டும். வில்லில் கட்டிய குதிரை முடி அறுந்து தொங்குவதும் நுனி உடைவதும்தான் அடிக்கடி நடப்பவை. மலிவு மரவில் ஆறு மாசத்தில் வளைந்துவிடும். கார்பன் ஃபைபர் வில் வாங்குங்கள், வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. வாசித்து முடித்ததும் முடியைத் தளர்த்தி வைக்க மறக்காதீர்கள்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உயர்ந்த வில்களைச் செய்யும் பெர்னாம்புகோ மரம் பிரேசிலில் வளர்வது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்தில் 2007 முதல் அது இருக்கிறது. பழைய வில் என்றால் நுனியில் தந்தத் தகடும் இருக்கலாம். 2014-இல் புடாபெஸ்ட் ஃபெஸ்டிவல் ஆர்க்கெஸ்ட்ரா நியூயார்க்கில் இறங்கியபோது, தந்தம் இருக்கலாம் என்ற சந்தேகத்தில் ஏழு வில்களைச் சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். திருவிதாங்கூர் சுவாதித் திருநாள் மகாராஜா, வயலின் வித்வான் தஞ்சாவூர் வடிவேலுவுக்குத் தந்தத்தாலேயே ஒரு வயலின் பரிசளித்தார் என்று படித்திருப்பீர்கள். இன்றைக்கு அதை எடுத்துக்கொண்டு எந்த விமான நிலையத்தையும் தாண்ட முடியாது.

கிராமத்து ஜனங்களுக்கு மட்டமான வாத்தியம் போதும் என்கிறீர்களா?

இதைக் கேட்டவர் என் மாணவியின் அப்பா. சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி.

மட்டமான வாத்தியம் யாருக்கும் போதாது. அதனால்தான் 4,000 ரூபாய் செலவழித்துச் சரிசெய்யச் சொல்கிறேன். பந்தலில் நம் சத்தம் வயலினிலேயே பொருத்தும் கான்டாக்ட் மைக் வழியாகப் போய், குழாய் ஸ்பீக்கரில் வெளியே வருகிறது. அதில் பத்தாயிரம் ரூபாய் வயலினுக்கும் மூன்று லட்சம் ரூபாய் வயலினுக்கும் உள்ள வித்தியாசத்தை என்னாலேயே கண்டுபிடிக்க முடியாது. சுருதி சேராவிட்டால் மட்டும் கடைசி வரிசைப் பாட்டிவரை கண்டுபிடிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நல்ல வயலின் மடியில் இருந்தபோது மேகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்திருக்கிறேன். ராகம் எங்கே ஓடியது என்று எனக்கே தெரியாது. ஸ்பேர் வந்த பிறகு கூரை இல்லாத இடங்களுக்கும் சரி என்று சொல்ல முடிகிறது, மனசும் பாட்டிலேயே இருக்கிறது. நகரத்துச் சபாவில் மட்டும் வாசித்துவிட்டு, ஊர்க் கோயிலுக்கு "வயலின் கெட்டுப்போகும்" என்று மறுப்பதைவிட இது மேல் என்பது என் கட்சி. மாறுபடுகிறவர்கள் மாறுபடலாம்.

இரண்டையும் கையோடு எடுத்துப்போனால் என்ன?

ஒன்றை வாசிக்கும்போது மற்றது எங்கே இருக்கும்? 1936 பிப்ரவரியில் நியூயார்க் கார்னகி ஹாலில் போலந்து வயலின் மேதை புரோனிஸ்வாவ் ஹூபர்மான் தன்னுடைய பழைய இத்தாலியக் குவார்னேரி வயலினை மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். 1713-ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி வயலினை ஒப்பனை அறையில் விட்டிருந்தார். அது திருடுபோனது. ஹூபர்மான் 1947-இல் காலமானார், அந்த வயலினை மறுபடி பார்க்கவே இல்லை. அரை நூற்றாண்டு அதை வைத்து வாசித்த ஜூலியன் ஆல்ட்மன் என்பவர், 1985-இல் சாகும் தறுவாயில் மனைவியிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இப்போது அது அமெரிக்க வயலின் கலைஞர் ஜோஷுவா பெல்லிடம் இருக்கிறது.

ஆகவே இரண்டு எடுத்துப்போனால் இரண்டும் மேடைக்கு வர வேண்டும். பெட்டியை முதுகுக்குப் பின்னால் தம்புராவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒப்பனை அறை, ஆபீஸ் ரூம், "நம்ம பையன் பார்த்துப்பான்" எல்லாம் வேண்டாம்.

ரயிலில், காரில் எப்படி?

ரயிலில் மேல் பெர்த்தை எடுத்துக்கொண்டு தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் எலியும் உண்டு, கழுவிவிட்ட தண்ணீரும் உண்டு. காரில் டிக்கி கூடவே கூடாது. கால் டாக்ஸி என்றால் மடியில்தான். செலோ மேதை யோ-யோ மா 1999-இல் நியூயார்க்கில் டாக்ஸி டிக்கியில் செலோவை மறந்து இறங்கிவிட்டார். 1733-இல் வெனிஸில் செய்தது, மதிப்பு 25 லட்சம் டாலர். போலீஸ் அன்றைக்கே தேடிக் கொடுத்துவிட்டது. செலோவையே மறக்க முடியும் என்றால் வயலின் எம்மாத்திரம்?

விமானத்தில்?

கைப்பெட்டிக்கு நம் உள்நாட்டு விமானங்களில் பொதுவான கணக்கு 7 கிலோ, 55 சென்டிமீட்டர் நீளம். பெட்டியே இல்லாமல் வயலின் மட்டும் 59 சென்டிமீட்டர் வரும், பெட்டியோடு 80. ஆக விதிப்படி பார்த்தால் எப்போதும் நாம் குற்றவாளிதான். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஒரு நாள் விட மாட்டார்கள். டிக்கெட் எடுத்த கையோடு விமான நிறுவனத்துக்கு எழுதி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 2012-இல் போட்ட சட்டத்தின்படி, ஏறும் நேரத்தில் மேல் ரேக்கில் இடம் இருந்தால் வயலின் மாதிரிச் சிறு வாத்தியங்களை அனுமதித்தே ஆக வேண்டும். அதனால் அங்கே முதலில் வரிசையில் நிற்பவர் பிழைத்தார். ஏடிஆர் ரகச் சிறு விமானம் என்றால் ரேக்கே சின்னது, நான் ஸ்பேரைத்தான் எடுத்துப்போவேன்.

லக்கேஜில் போட்டே ஆக வேண்டுமென்றால் தந்தியைக் கால்வாசி தளர்த்துங்கள், பிரிட்ஜுக்கு இரு பக்கமும் துணி மடித்து வையுங்கள். நாலு தந்தியையும் முழுசாகத் தளர்த்தினால் பிரிட்ஜ் படுக்கும், உள்ளே சவுண்ட் போஸ்ட்டும் விழும்.

எலெக்ட்ரிக் வயலின், கார்பன் ஃபைபர் வயலின் வாங்கலாமா?

கார்பன் ஃபைபரை மழையில்கூட வாசிக்கலாம், ஆனால் நல்லது லட்சங்களில் வரும். அதற்கே ஒரு ஸ்பேர் தேவைப்படும். எலெக்ட்ரிக் வயலின் கரண்ட் போனால் ஊமை. திருவிழாவில் கரண்ட் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

மற்ற வாத்தியக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

நாகஸ்வரக்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். மாற்றுச் சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் முனைகளை, கயிற்றில் கோத்து வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள், நகை மாதிரி. ஸ்பேரைத் தேட வேண்டிய வேலையே இல்லை. மிருதங்கக்காரர்கள் சுருதிக்கு ஒன்றாக இரண்டு மூன்று வைத்திருப்பதால் அவர்களுக்குத் தனியாக ஸ்பேர் என்ற பேச்சே எழுவதில்லை. கடக்காரர்களும் அப்படியே, கைவசம் ஒரு மாற்றுக் கடம் இருக்கும்.

வீணைதான் பாவம். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தும் உலோகப் படிகள்) மெழுகின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் கார் நின்றால் மெழுகு இளகி மெட்டு நகரும், அப்புறம் மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டுகளை மறுபடி சுருதிக்கு நிறுத்தித் தருகிறவரை, தேடி ஓட வேண்டும். பயணத்துக்கென்று கழற்றி மாட்டும் சின்ன வீணை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மலிவு என்று சொல்ல முடியாது.

ஸ்பேரை எத்தனை நாளைக்கு ஒருமுறை வாசிக்க வேண்டும்?

வாரம் ஒரு நாள், முழுப் பயிற்சியும் அதிலேயே. நான் செவ்வாய்க்கிழமை வைத்திருக்கிறேன். வாசிக்காத வயலினின் பிரடை கச்சேரியன்று உங்களிடம் பழி வாங்கும். நழுவினால் சாக்பீஸ் தூள், இறுகினால் காய்ந்த சோப்பு, இரண்டையும் பெட்டியிலேயே வையுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதாதா?

நல்ல வயலினுக்கு எடுங்கள். பயணத்தில் நேரும் சேதத்துக்கும் சேர்த்தா என்று பாலிசியைப் படித்துவிட்டு எடுங்கள். எல்லாப் பக்கமும் போட்டோ பிடித்து, பில்லோடு வையுங்கள். ஆனால் இன்ஷூரன்ஸ் பணம் தரும், நாளைக்குச் சாயங்காலக் கச்சேரிக்கு வயலின் தராது.

ஸ்பேர் உடைந்தால் ரிப்பேர் செய்வதா, புதுசு வாங்குவதா?

பசை விட்டிருந்தால் ஒட்டலாம். கழுத்து ஒடிந்தாலோ, சவுண்ட் போஸ்ட்டுக்கு நேர் மேலே பலகை வெடித்தாலோ விட்டுவிடுங்கள், ரிப்பேர் கூலி புது வயலினைத் தாண்டிவிடும். மலிவு வயலின்களில் வச்சிரத்துக்குப் பதில் பிரிக்கவே முடியாத பசை போட்டிருப்பதும் உண்டு. பட்டறைக்காரர் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார். பிரடை, டெயில்பீஸ், சின் ரெஸ்ட், தந்தி எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் ஸ்பேர் ஒரு வரவேற்பில் போனது. விளக்குக் கம்பம் சரிந்து மேல்பலகையில் விழுந்தது. பக்கத்தில் இருந்த மிருதங்கக்காரர் "ஐயோ" என்று எழுந்துவிட்டார். நான் அந்தச் சாயம் போகிற விரல்பலகையை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அதன் உடைந்த மேல்பலகையைக் கழற்றிவிட்டு, வகுப்பறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். சவுண்ட் போஸ்ட் எங்கே நிற்கும் என்று புதுப் பிள்ளைகள் அதற்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள்.